வெளிநாட்டுப் படிப்பு: பணம் தேட வேண்டிய நேரம் எது?

மலேசியாவில் செந்தூலிலோ, பிரிக்பீல்ட்ஸிலோ, பட்டர்வொர்த்திலோ ஒரு பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்துவிட்டால், அந்த வீட்டில் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதலில் சந்தோஷம். அப்புறம் அப்பா இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கைத் திறந்து பார்ப்பார். அம்மா நகையைக் கணக்குப் போடுவார். "கட்சியில் எனக்கு ஒருவரைத் தெரியும், கேட்டுப் பார்க்கலாம்" என்று மாமா ஒருவர் சொல்வார். ஜூன், ஜூலையில் ஆஃபர் லெட்டர் வருகிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. இடையில் இருக்கும் எட்டு, பத்து வாரத்தில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) புரட்டியாக வேண்டும்.

அந்த எட்டு வாரத்தில் கதவைத் தட்டினால் கிடைப்பது கடன்தான். முழுச் செலவையும் ஏற்கும் உபகாரச் சம்பளங்கள் அதற்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருக்கும். பிள்ளைக்குத் தகுதி போதவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. விண்ணப்பம் போட வேண்டிய மாதத்தில் பிள்ளை இறுதியாண்டு ஆய்வேட்டில் மூழ்கிக் கிடந்தது. எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. பணம் தேடும் வேலை ஆஃபர் லெட்டருக்குப் பின்னால் வருவது அல்ல, அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்னால் வர வேண்டியது. நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதால்தான் இவ்வளவு பேர் கடனாளி ஆகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நாட்காட்டியைப் பார்த்தாலே இது விளங்கும். பிரிட்டன் அரசின் செவ்னிங், ஓராண்டு முதுகலைக்குக் கல்விக் கட்டணம், மாதச் செலவுத் தொகை, விமானச் சீட்டு என எல்லாவற்றையும் கொடுக்கிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் போக வேண்டியவர் இந்த ஆண்டு ஆகஸ்டில் விண்ணப்பம் திறக்கும்போதே தயாராக இருக்க வேண்டும். அதற்கும் முன்பே இரண்டு ஆண்டு வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கையில் இருக்க வேண்டும். படிப்பை முடித்த கையோடு போக நினைப்பவர்களுக்கு இது உதவாது. ஆனால் இரண்டாம் ஆண்டில் படிக்கும்போதே இதைத் தெரிந்து வைத்திருக்கும் மாணவர், முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் வேறு மாதிரி. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டிய கூட்டு முதுகலைத் திட்டங்கள் அவை. தேர்வு பெற்றவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கிடைக்கும். பல திட்டங்களுக்கு இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஆனால் வாசல் திறந்திருப்பது பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்குக் கோலாலம்பூரில் உள்ள ஜப்பான் தூதரகம் வழியாகப் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பித்து மறு ஆண்டு புறப்படுகிறார்கள். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளத்தை இங்கே கவனிப்பது 1963இல் அமைக்கப்பட்ட மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம். அதன் கோலாலம்பூர் அலுவலகத்தில் அமெரிக்கப் படிப்பு பற்றிய ஆலோசனையும் கிடைக்கிறது. இந்தத் தேதிகளில் ஒன்றுகூட ஆஃபர் லெட்டர் வரும் ஜூன், ஜூலைக்கு ஒத்துப் போகவில்லை, பாருங்கள்.

செலவு ஏன் இவ்வளவு ஆனது

நம் அப்பா, தாத்தா காலத்தில் லண்டனுக்குப் போய் வக்கீலுக்குப் படித்து வந்தவர்களின் கதையை எல்லாரும் கேட்டிருப்போம். பெரிய பணக்காரர்கள் மட்டும் போகவில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் போனார்கள். அப்போது வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிரிட்டன் அரசே தாங்கியது. மார்கரெட் தாட்சர் அரசு 1980 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு முழுச் செலவையும் மாணவர்களிடமே வசூலித்தது. பிரிட்டனில் அப்போது படித்த வெளிநாட்டு மாணவர்களில் மலேசியர்கள் மிகப் பெரிய கூட்டம் என்பதால் அடி இங்கேதான் பலமாக விழுந்தது. 1981இல் மகாதீர் அரசு பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்று அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மறு ஆண்டு கிழக்கை நோக்கும் கொள்கை வந்து, அரசு மாணவர்களை ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அனுப்பத் தொடங்கியது. செவ்னிங் தொடங்கியதும் அதற்கடுத்த 1983இல்தான்.

இரண்டாவது அடி 1997இல். ஒரு டாலர் இரண்டரை ரிங்கிட் என்று கணக்குப் போட்டுப் பிள்ளையை அனுப்பியவர்கள், 1998 ஜனவரியில் அதே டாலருக்கு நாலே முக்கால் ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. பாதிப் படிப்பில் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. வெளிநாட்டுப் பட்டத்தை முழுக்க இங்கேயே படித்து வாங்கும் '3+0' திட்டங்கள் தனியார் கல்லூரிகளில் வேர்விட்டது அந்த நெருக்கடிக்குப் பிறகுதான். 1998 செப்டம்பரில் அரசு ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தியதும் நிலைமை அடங்கியது. ஆனாலும் 2024 பிப்ரவரியில் ரிங்கிட் மறுபடியும் 4.80 வரை இறங்கியது. அப்புறம் ஏறிக்கொண்டது. இரண்டு ஆண்டுப் படிப்புக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இன்றைய விலையில் போடாமல், பத்து விழுக்காடாவது கூட்டிப் போடுவது நல்லது.

நம் நாட்டுக்குள் இருக்கும் பணம்

நான் பார்த்தவரை மிகப் பெரிய குழப்பம் பிடிபிடிஎன் பற்றியதுதான். 1997இல் வந்த இந்த நிதிக் கழகம் கொடுக்கும் கடன் உள்நாட்டில் படிக்கிறவர்களுக்கு. வெளிநாடு போகிறவர் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அதே கழகத்தின் எஸ்எஸ்பிஎன் சேமிப்பு வேறு விஷயம். அது நம் சொந்தப் பணம், பிள்ளை எங்கே படித்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரியில் கழிவும் உண்டு. பிள்ளை முதலாம் ஆண்டில் இருக்கும்போதே மாதம் ஒரு தொகை போட்டு வந்தால், முதுகலைக்குப் போகும் நேரத்தில் விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் முதல் மாத வாடகைக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்காது.

இபிஎஃப் கணக்கு 2024 மே மாதத்திலிருந்து மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மாதச் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்க முடிவது செஜாத்ராவிலிருந்து. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிட வேண்டும் என்று இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஓர் அப்பா அந்தக் கணக்கைத் துடைத்தெடுத்தால், அவருடைய முதுமைக்கான பொறுப்பு பிள்ளையின் முதல் சம்பளத்தின் மேல் ஏறுகிறது. அந்தப் பிள்ளையோ வேறு கடனையும் கட்டிக்கொண்டிருக்கும். மற்ற எல்லா வழியையும் பார்த்துவிட்டுக் கடைசியில் தொட வேண்டிய பணம் அது.

பொதுச் சேவைத் துறையின் வெளிநாட்டு உபகாரச் சம்பளங்கள் பெரும்பாலும் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றவர்களையும், ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களையும் நோக்கியவை. பல்கலைக்கழகத்தில் நடுவில் இருக்கும் மாணவருக்கு அங்கே இடம் குறைவு. பேங்க் நெகாராவும் கசானா அறக்கட்டளையும் முதுகலைக்கும் ஆள் எடுக்கின்றன. போட்டி கடுமை, ஆனால் வாசல் திறந்தே இருக்கிறது. நம் சமூகத்துக்கென்று 1984இல் தொடங்கப்பட்ட எம்ஐஇடி என்ற அமைப்பு கல்விக் கடன் கொடுத்து வருகிறது. கடன் என்பதால் திருப்பிக் கட்ட வேண்டியதுதான். வாங்கியவர்கள் ஒழுங்காகக் கட்டினால்தான் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

உபகாரச் சம்பளம் என்றாலும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். செவ்னிங் வாங்கினால் முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இங்கே இருக்க வேண்டும். சிங்கப்பூர் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குக் கிடைக்கும் கட்டண மானியத்தை எடுத்துக்கொண்டால் முடித்த பிறகு மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். உள்நாட்டு ஒப்பந்தங்கள் பலவும் ஜாமீன்தாரர்களைக் கேட்கும். மாணவர் வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்தத் தொகை ஜாமீன் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவின் தலையில் விழும். கையெழுத்துக் கேட்கும்போதே எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான் சித்தப்பா" என்று வாங்கிய கையெழுத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

பக்கத்தில் இருக்கும் வழிகள்

முழுப் பட்டமும் வெளிநாட்டில்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவற்றில் ஒரு பருவம் வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பரிமாற்றத் திட்டங்கள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றில் இங்கே கட்டும் கட்டணத்தையே கட்டினால் போதும். அங்கே படித்த பாடங்களின் மதிப்பெண் இங்கே ஏற்கப்படும். தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு மட்டும்தான் நம் பாடு. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்து 2010இல் தொடங்கிய ஆசிய மாணவர் பரிமாற்றத் திட்டம் இன்று இன்னும் பல நாடுகளுக்கு விரிந்திருக்கிறது. ஒரு பருவம் வெளியில் படித்துவிட்டு வந்த மாணவர் பிறகு எந்தப் பெரிய உபகாரச் சம்பளத்துக்குப் போனாலும், அறிமுகமில்லாத ஊரில் படித்துத் தேறுவார் என்பதற்கு அத்தாட்சி அவர் கையில் இருக்கும். அறிவிப்புப் பலகையில் வரும் இந்த வாய்ப்புகளை நம் பிள்ளைகள் பார்க்காமலே கடந்து போவதைக் கண்டு எனக்கு உண்மையிலேயே வருத்தம். பல்கலைக்கழகத்தின் அனைத்துலக உறவு அலுவலகம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் கட்டணம் விதித்திருக்கிறது. கட்டணம் இல்லை என்றால் செலவில்லை என்று அர்த்தமல்ல. விசாவுக்கு முன் 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அது நமக்கே திரும்பி வரும். ஏறக்குறைய ஐம்பத்தைந்தாயிரம், அறுபதாயிரம் ரிங்கிட். பிரிட்டனின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது கட்டுப்படியாகிற தொகை. அப்படியிருந்தும் மிட் வேலியிலும் கேஎல்சிசியிலும் நடக்கும் கல்விக் கண்காட்சிகளில் ஜெர்மனியைப் பற்றிப் பேச ஆள் குறைவு. காரணம் எளிது. முகவர்கள் பெரும்பாலும் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது. கட்டணமே வாங்காத இடத்துக்கு அனுப்பினால் யாருக்கும் கமிஷன் இல்லை. முகவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, விண்ணப்ப வேலையை நன்றாகவே செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உபகாரச் சம்பளம் தேடித் தருவது அவர்கள் வேலை அல்ல. எந்த நாடு என்று நாம் முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

எந்த வழியில் போனாலும், திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய முடியுமா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியல், சட்டத்துக்குச் சட்டத் தொழில் தகுதி வாரியத்தின் பட்டியல், பொறியியலுக்கு, உறுப்பு நாடுகளின் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்கும், 2009 முதல் மலேசியாவும் உறுப்பு நாடாக இருக்கும் வாஷிங்டன் உடன்பாடு. பட்டியலில் இல்லாத பட்டத்தோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விண்ணப்பத்தின் உள்ளே

நம் சமூகத்துக்குத் தயார்படுத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் எஸ்பிஎம், அதற்கடுத்த எஸ்டிபிஎம் தேர்வு எழுதும் மாணவர்களைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டு சேர்த்த வரலாறு நம் கண் முன்னால் இருக்கிறது. வாசலுக்கு உள்ளே போன பிறகு அதே மாதிரி கைப்பிடித்து நடத்த ஏற்பாடு இல்லை. பத்தொன்பது வயது வரை வாராவாரம் வகுப்பு, வழிகாட்டி, பூசை எல்லாம் உண்டு. இருபத்திரண்டு வயதில் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து உபகாரச் சம்பளக் கட்டுரை எழுதுகிறது.

அந்தக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். "சிறு வயதிலிருந்தே சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது" என்று தொடங்கும். அடுத்த பத்தியில் "நாங்கள் ஏற்பாடு செய்தோம்", "எங்கள் குழு நடத்தியது" என்று போகும். விசாரித்தால், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை இலவச டியூஷனை இரண்டு வருடம் நடத்தியதே அந்த மாணவிதான். மண்டபச் சாவியைத் தர மறுத்த கோயில் நிர்வாகத்திடம் பேசிச் சம்மதிக்க வைத்தது அவர். கணக்குப் பாடத்துக்கு ஆள் கிடைக்காதபோது சீனியர் மாணவர்களைப் பிடித்து அட்டவணை போட்டதும் அவர். இதில் ஒன்றும் கட்டுரையில் இல்லை. தன்னைப் பற்றிப் பேசுவது அடக்கமில்லை என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். தேர்வுக் குழுவுக்கு முன்னால் இருப்பதோ ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள்; 'நாங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தப் பெண் என்ன செய்தார் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. சாவி வாங்கிய கதையை எழுதச் சொன்னால் போதும், கட்டுரைக்கு உயிர் வந்துவிடும்.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் ஒரு மூலையில் இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் பேராசிரியரிடம் கடிதம் கேட்டால், அவர் மதிப்பெண்ணை மட்டும்தான் எழுத முடியும். ஒரு ஆய்வு உதவி வேலை, ஒரு கருத்தரங்கு ஏற்பாடு என்று முன்கூட்டியே அவரோடு வேலை செய்திருந்தால் எழுத அவரிடம் விஷயம் இருக்கும்.

இன்னொன்று பெயர். மலேசியக் கடப்பிதழில் பெயருக்கு ஒரே கட்டம்தான். வெளிநாட்டுப் படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு. நம் பிள்ளைகள் ஒரு படிவத்தில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி போடுவார்கள், இன்னொன்றில் விட்டுவிடுவார்கள், மூன்றாவதில் அப்பா பெயரை முன்னால் போடுவார்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழில் ஒரு பெயர், ஆஃபர் லெட்டரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்று ஆன பிறகு, அது மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுக்க அலைய வேண்டியிருக்கும். முதல் படிவத்திலிருந்தே கடப்பிதழில் உள்ளபடி, ஒரே வரிசையில் எழுதுங்கள்.

சிறிய பணம்

பெரிய தொகையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது சிறிய தொகைகள் கண்ணில் படுவதில்லை. பிரிட்டனுக்கு ஓராண்டு முதுகலைக்குப் போகிற மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுச் சுகாதாரச் சேவைக்கு மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு முன்பணமாகக் கட்ட வேண்டும். படிப்பு பன்னிரண்டு மாதம்தானே, 776 போதும் என்று எடுத்து வைப்பார்கள். விசாவோ படிப்புக்கு முன்னும் பின்னுமாகச் சில மாதங்கள் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அதனால் ஒன்றரை ஆண்டுக்கு வசூலிப்பார்கள், 1,164 பவுண்டு. ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல், ஒரே தவணையில். அதோடு விசாக் கட்டணம், மலேசியர்களுக்குக் கட்டாயமான காசநோய்ப் பரிசோதனை, விமானச் சீட்டு. வங்கியில் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் இறங்காமல் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மலேசியர்களிடம் பெரும்பாலும் ஆவணத்தைக் கேட்பதில்லை என்றாலும் கேட்டால் காட்டியாக வேண்டும். கூட்டுச் சீட்டுப் பணத்தை எடுத்து நேற்று போட்டுவிட்டு இன்று விண்ணப்பிக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், இடமே கிடைக்குமா என்று தெரியாத நிலையில், ஐஈஎல்டிஎஸ் தேர்வுக்குப் பல நூறு ரிங்கிட் கட்ட வேண்டும். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். எஸ்பிஎம் ஆங்கிலத் தேர்ச்சியையே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் சில உண்டு, அதை முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது. மதிப்பெண் பட்டியல் நகல், சான்றொப்பம், சில பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கட்டணம் என்று இன்னும் சில நூறு போகும். உபகாரச் சம்பளம் கிடைத்தவருக்கு இவற்றில் சில பின்னால் திரும்பி வரலாம். விண்ணப்பிக்கும்போது கையில் இருக்க வேண்டிய பணம் அது. பிபிஆர் என்னும் அரசின் குறைந்த வாடகை அடுக்குமாடியில் இருந்து வரும் பிள்ளை பல சமயம் இந்த ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளியில்தான் நின்றுவிடுகிறது, இரண்டு லட்சத்தில் அல்ல.

நம் கோயில்களும் சங்கங்களும் முன்னாள் மாணவர் மன்றங்களும் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்தில் நுழையும் பிள்ளைகளுக்கு மேடையில் வைத்து ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். நல்ல காரியம், தொடரட்டும். அதில் ஒரு பங்கை எடுத்து, இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களின் ஐஈஎல்டிஎஸ் கட்டணத்துக்கும் விண்ணப்பச் செலவுக்கும் ஒதுக்கலாம். உபகாரச் சம்பளம் வாங்கித் திரும்பி வந்தவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, விண்ணப்பக் காலத்தில் மட்டும், சனிக்கிழமை மாலையில் ஒரு மண்டபத்தில் அவர்களை உட்கார வைத்து, மாணவர்கள் கொண்டுவரும் கட்டுரைகளைப் படிக்கச் சொல்லலாம். மண்டபம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். இந்த ஆகஸ்டுக்குள் கோயில் நிர்வாகத்திடம் போய்ச் சாவியைக் கேட்க வேண்டியதுதான் பாக்கி.